பெண்களுக்கு மூன்றில் ஒன்று: மலை பஸ்ஸில் என்னிடம் கேட்ட கேள்விகள்

சேர்வராயன் மலையில் ஒரு ஊராட்சியில் வார்டு உறுப்பினராக இருந்தேன். 2019 டிசம்பர் தேர்தலில் ஜெயித்தேன். 2025 ஜனவரி 5ஆம் தேதியோடு எல்லாருடைய பதவிக்காலமும் முடிந்தபோது நானும் வீட்டுக்கு வந்தேன். இப்போது மகளிர் குழுக்களுக்குக் கணக்கு எழுதித் தருகிறேன், மாதத்தில் நாலைந்து தடவை சேலத்துக்கு இறங்குகிறேன். இருபது கொண்டை ஊசி வளைவும் முடிவதற்குள் பஸ்ஸில் யாராவது ஒருவர் "அக்கா, நீங்க மெம்பரா இருந்தவங்கதானே" என்று ஆரம்பித்துவிடுவார். கேட்கிறவர் மாறுவார், கேள்வி மாறாது. அதனால்தான் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். அவரவர் கேட்ட மாதிரியே போட்டிருக்கிறேன், கோபமாகக் கேட்டதையும் சேர்த்து.

அக்கா, 33 சதவீதம் 33 சதவீதம்னு சொல்றாங்களே, அது என்ன சட்டம்?

மக்களவையிலும் மாநிலச் சட்டமன்றங்களிலும் டெல்லி சட்டமன்றத்திலும் மூன்றில் ஒரு பங்கு இடத்தைப் பெண்களுக்கு ஒதுக்கும் அரசியல் சட்டத் திருத்தம். 2023 செப்டம்பர் 20ஆம் தேதி மக்களவையில் 454 பேர் ஆதரவு, 2 பேர் எதிர்ப்பு. மறுநாள் மாநிலங்களவையில் 214 பேர் ஆதரவு, எதிர்ப்பே இல்லை. 28ஆம் தேதி குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைத்தது. 106ஆவது திருத்தம் என்று கணக்கு. 'நாரி சக்தி வந்தன் அதினியம்' என்று ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள், எங்கள் குழுவில் ஒருவர் வாயிலும் அது நுழையவில்லை.

மாநிலங்களவைக்கும், சட்ட மேலவை உள்ள மாநிலங்களில் அந்த மேலவைக்கும் இது கிடையாது. மக்கள் நேரடியாக ஓட்டுப் போடும் இடங்களுக்கு மட்டும்தான்.

பஞ்சாயத்துலதான் ஏற்கெனவே பாதி பொம்பளைங்களாச்சே? அது வேற இது வேறயா?

வேறு. பஞ்சாயத்து, நகராட்சி ஒதுக்கீடு 1993இல் நடைமுறைக்கு வந்த 73, 74ஆவது திருத்தங்களால் வந்தது. மூன்றில் ஒரு பங்குக்குக் குறையக் கூடாது என்பது அதன் கணக்கு. தமிழ்நாட்டில் 1996 உள்ளாட்சித் தேர்தலிலிருந்து அது நடக்கிறது. 2016இல் மாநில அரசு சட்டம் திருத்தி அதைப் பாதியாக்கியது, அந்தப் பாதி முதலில் அமலானது நான் நின்ற 2019 தேர்தலில்தான். சேலம் மாநகராட்சியின் 60 வார்டிலும் அதே கணக்குத்தான்.

எம்.எல்.ஏ., எம்.பி. இடங்களுக்கு 2023 வரை எதுவுமே இல்லை. தெருக்குழாய்க்கும் தெருவிளக்குக்கும் பெண் போதும், சட்டம் போட வேண்டாம் என்று முப்பது வருடம் இருந்திருக்கிறோம்.

'பொது'ன்னு போட்டிருந்தா அதுல பொம்பளை நிக்கக் கூடாதாமே?

இதைச் சொல்லிச் சொல்லி எனக்குத் தொண்டை வறண்டுவிட்டது. பொது என்றால் யார் வேண்டுமானாலும் நிற்கலாம், பெண்ணும்தான். 'ஆண்களுக்கு மட்டும்' என்று நாட்டில் எந்தத் தொகுதியும் எந்த வார்டும் கிடையாது. ஆனால் நடப்பது என்ன? பெண் வார்டு என்று அறிவித்தால் வீட்டுப் பெண்களைத் தேடுவார்கள், பொது என்று அறிவித்த உடனே "இது நம்மளுது" என்று ஆண்கள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். சட்டத்தில் இல்லாத இந்த ஒதுக்கீட்டை ஊர் தானாகவே போட்டுக்கொண்டது.

சட்டம்தான் பாஸாயிடுச்சுல்ல, அப்புறம் ஏன் 2024 தேர்தல்ல வரல?

சட்டத்திலேயே ஒரு கொக்கி இருக்கிறது. 334ஏ என்ற பிரிவு. இந்தச் சட்டம் வந்தபிறகு எடுக்கும் முதல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் விவரம் வெளியாகி, அதன் அடிப்படையில் தொகுதி மறுவரையறை, அதாவது மக்கள்தொகைப்படி தொகுதிகளைத் திரும்பப் பிரிக்கும் வேலை, நடந்து முடிந்த பிறகுதான் ஒதுக்கீடு அமலாகும் என்று 2023இல் எழுதிவைத்தார்கள். 2021இல் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு தள்ளிப்போனது, 2027 மார்ச் 1ஐக் குறிப்பு நாளாக வைத்து 2025 ஜூனில்தான் அறிவிப்பு வந்தது.

மறுவரையறை என்றதும் தமிழ்நாட்டில் எல்லாருக்கும் வயிற்றைக் கலக்குகிறது, குடும்பக் கட்டுப்பாட்டை ஒழுங்காகச் செய்த மாநிலத்துக்கு இடம் குறைந்துவிடும் என்ற பயம். அந்தப் பயம் நியாயமானது. ஆனால் அது தனிச் சண்டை. இருக்கும் தொகுதிகளிலேயே மூன்றில் ஒன்றை ஒதுக்கியிருக்கலாம், பஞ்சாயத்தில் அப்படித்தானே செய்கிறோம். எதற்காக இந்த இரண்டையும் ஒரே முடிச்சாகப் போட்டார்கள் என்பதற்கு எனக்குத் திருப்தியான பதில் கிடைத்ததில்லை.

நல்ல விஷயம்னா எதுக்கு இத்தனை வருஷம் இழுத்தாங்க?

முதல் மசோதா 1996இல், தேவகவுடா பிரதமராக இருந்தபோது வந்தது. 1998இல் சட்ட அமைச்சராக இருந்து அதைக் கொண்டுவரப் பார்த்தவர் நம்ம தம்பிதுரை. அவையிலேயே மசோதா நகலைப் பிடுங்கிக் கிழித்தார்கள். 1999இல் மறுபடி, 2008இல் மறுபடி. 2010 மார்ச் 9ஆம் தேதி மாநிலங்களவையில் 186க்கு 1 என்று ஜெயித்தும், மக்களவையில் எடுக்காமலே வைத்திருந்து 2014இல் காலாவதியாக விட்டார்கள்.

மேடையில் இதை எதிர்த்தவர்கள் கொஞ்சம் பேர்தான். ஆனால் 543 பேரில் 181 பேருடைய இடம் போகும் என்றால் அந்த 181 பேர் யார் என்று தெரியாதவரை எல்லாருக்கும் பயம் இருக்கத்தான் செய்யும்.

நம்ம சேலத்துக்கு இதனால என்ன ஆகப்போகுது?

1952இலிருந்து 2024 வரை சேலம் மக்களவைத் தொகுதியில் ஒரு பெண்கூட ஜெயித்ததில்லை. ராமசாமி, ராஜாராம், ரங்கராஜன் குமாரமங்கலம், வாழப்பாடி ராமமூர்த்தி, தங்கபாலு, செம்மலை என்று பெரிய பெரிய பெயர்கள் எல்லாம் உண்டு, பெண் பெயர் இல்லை. மாநகராட்சியில் ரேகா பிரியதர்ஷினி 2006இல் மேயரானார். 2021 சட்டமன்றத் தேர்தலில் மாவட்டத்தின் 11 தொகுதிகளில் பெண் ஜெயித்தது ஒன்றே ஒன்றில், அது எங்கள் ஏற்காடு.

மாநிலக் கணக்கும் இதேதான். 2021இல் 234 பேரில் 12 பெண்கள். 2024 மக்களவைத் தேர்தலில் தமிழ்நாட்டின் 39 இடங்களில் 5 பெண்கள். மூன்றில் ஒன்று என்றால் இன்றைய எண்ணிக்கைக்கு 78ம் 13ம் வரும். வாக்காளர் பட்டியலில் ஆண்களைவிடப் பெண்கள் அதிகமாக இருக்கும் மாநிலம் இது.

ஏற்காடு எஸ்.டி. தொகுதி. அதையும் பொம்பளைக்குன்னு ஒதுக்கிட்டா எங்க ஆளுங்க எங்க போவாங்க?

இதைக் கேட்டவர் எங்கள் மலையின் மலையாளி பழங்குடிச் சமூகத்துப் பெரியவர், எனக்கு மாமா முறை. கோபத்தில் நியாயம் இருக்கிறது. தமிழ்நாட்டுக்கே பழங்குடித் தொகுதி இரண்டுதான், ஏற்காடும் சேந்தமங்கலமும். பட்டியல் சாதி, பழங்குடித் தொகுதிகளுக்குள்ளும் மூன்றில் ஒன்று பெண்களுக்கு என்று சட்டம் சொல்கிறது, "கூடியவரை" என்ற வார்த்தையோடு. இரண்டில் மூன்றில் ஒன்று என்றால் முக்கால்கூட வரவில்லை, அதை எப்படிப் பங்கு போடுவார்களோ. மறுவரையறையில் இந்த எண்ணிக்கையே மாறலாம்.

ஆனால் மாமா, ஏற்காட்டில் 2013 இடைத்தேர்தலில் ஜெயித்தது சரோஜா. எம்.எல்.ஏ.வாக இருந்த அவர் கணவர் பெருமாள் இறந்ததால் வந்த தேர்தல் அது. 2016இலும் 2021இலும் சித்ரா. எந்தப் பெண் ஒதுக்கீடும் இல்லாமல் தொடர்ந்து மூன்று தடவை பெண்களையே அனுப்பியிருக்கிறோம், மலை ஒன்றும் இடிந்து விழவில்லை. இதைச் சொன்னதும் அவர் வெற்றிலைப் பையை எடுத்தார், பேச்சு மாறிவிட்டது.

திறமை இருந்தா தானா வருவாங்க. ஜெயலலிதா வரலையா? இந்திரா காந்தி வரலையா?

வந்தார்கள். ஜெயலலிதா ஆறு முறை முதல்வராகப் பதவியேற்றார். பக்கத்தில் இலங்கையில் சிறிமாவோ பண்டாரநாயக்க 1960இலேயே பிரதமர், உலகத்திலேயே முதல் பெண் பிரதமர். ஆனால் இலங்கை நாடாளுமன்றத்தில் அதற்குப் பிறகு பல பத்தாண்டுகள் நூற்றுக்கு ஐந்தாறு பெண்கள்தான். உச்சியில் ஒரு பெண் உட்கார்ந்தால் கீழே உள்ள படிகளில் பெண்கள் தானாக ஏறிவிடுவார்கள் என்றால் அது இத்தனை நாளில் நடந்திருக்க வேண்டாமா?

திறமை இருந்தால் போதும் என்று நம்பியது நீங்கள் மட்டும் இல்லை. அரசியல் நிர்ணய சபையில் இருந்த 15 பெண்களில் பலர் தங்களுக்குத் தனி இடம் வேண்டாம் என்றவர்கள், சுதந்திரம் வந்தால் நியாயமும் கூடவே வரும் என்று நினைத்தார்கள். முதல் மக்களவையில் பெண்கள் நூற்றுக்கு ஐந்துகூட இல்லை. 2019இல் 78 பேர் வந்தார்கள். 2023இல் 454 பேர் கையைத் தூக்கிச் சட்டம் போட்டார்கள், அடுத்த வருடத் தேர்தலில் 78 என்பது 74 ஆகக் குறைந்தது. ஆதரவாக ஓட்டுப் போட்ட அதே கட்சிகள்தான் வேட்பாளர் பட்டியலையும் எழுதின.

உண்மையைச் சொல்லுங்க, எல்லாம் புருஷன்தானே நடத்துறாரு? அந்தம்மா கையெழுத்துப் போடுறதோட சரி.

பல இடத்தில் உண்மைதான், மறைக்க மாட்டேன். வடக்கே இதற்குப் பெயரே உண்டு, 'பிரதான் பதி'. 2023இல் விஷயம் உச்ச நீதிமன்றம் வரை போய், பிறகு மத்திய ஊராட்சி அமைச்சகம் குழு போட்டு ஆராய்ந்தது. என் கதையையே சொல்கிறேன். முதல் மூன்று கூட்டத்துக்கும் என் வீட்டுக்காரர் கூடவே வந்தார், நாற்காலியில் உட்கார்ந்து பேசினார், நான் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நாலாவது கூட்டத்தன்று எஸ்டேட்டில் காப்பிப் பழம் எடுக்கும் சீசன், அவருக்கு லீவு கிடைக்கவில்லை. தீர்மானப் புத்தகத்தில் கையெழுத்துப் போடச் சொன்னார்கள், எழுதாத பக்கத்தில். எழுதிவிட்டுக் கொடுங்கள் என்றேன். அறையில் யாரும் பேசவில்லை. அப்போதுதான் அந்தக் கையெழுத்துக்கு இருக்கும் மதிப்பு எனக்குப் புரிந்தது.

நம் ஊராட்சியில் செக் போக வேண்டுமென்றால் தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்து கையெழுத்திட வேண்டும். தலைவர் பதவிக்கு ஒதுக்கீடு உண்டு. வார்டு உறுப்பினர்கள் கூடித் தேர்ந்தெடுக்கும் துணைத் தலைவர் பதவிக்கு இல்லை. ஊரில் செல்வாக்குள்ள ஆண் அங்கே போய் உட்கார்ந்துகொண்டால் தலைவர் பெண்ணாக இருந்தும் ஒரு மோட்டார் ரிப்பேருக்குக்கூட அவர் வீட்டுக்கு நடக்க வேண்டும். தலைவர் தலித் பெண்ணாக இருந்தால் கேட்கவே வேண்டாம். கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில் ஊராட்சித் தலைவரைக் கூட்டத்தில் தரையில் உட்காரவைத்த படம் 2020 அக்டோபரில் வெளியானது, ஞாபகம் இருக்கும்.

அதனால் புருஷன் கதையைச் சொல்லி ஒதுக்கீடே வேண்டாம் என்பவர்களிடம் நான் ஒன்றைத்தான் கேட்பேன். ஆண் தலைவருக்குப் பின்னால் காண்ட்ராக்டர் இருந்து நடத்தும்போது, ஆண்களுக்குத் தேர்தலே வேண்டாம் என்று எப்போதாவது சொன்னீர்களா?

பொம்பளைங்க வந்ததால ஏதாவது நல்லது நடந்துச்சுன்னு ஆதாரம் இருக்கா, இல்ல சும்மா பேச்சா?

இருக்கிறது. ராகவேந்திர சட்டோபாத்யாயாவும், பிறகு 2019இல் பொருளாதார நோபல் வாங்கிய எஸ்தர் டூஃப்லோவும் மேற்கு வங்கம், ராஜஸ்தான் ஊராட்சிகளை ஆராய்ந்து 2004இல் வெளியிட்டார்கள். எந்த ஊராட்சி பெண் தலைவருக்கு என்பது குலுக்கல் மாதிரி அமைந்ததால் ஒப்பிட வசதியாக இருந்தது. பெண் தலைவர் உள்ள இடங்களில் குடிநீருக்கு அதிக வேலை நடந்தது, அங்கே பெண்கள் அதிகம் புகார் சொன்னதும் குடிநீரைப் பற்றித்தான். மலையில் இருப்பவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். ஏப்ரலில் ஊற்று வற்றினால் குடத்தோடு இறங்கி ஏறுவது யார்? எங்கள் கூட்டத்தில் ஆண்கள் ரோட்டைப் பற்றிப் பேசுவார்கள், பைக் வைத்திருப்பவர்கள் அவர்கள்தானே. நாங்கள் தண்ணீரைப் பேசுவோம்.

எனக்குச் சுருக்கென்று தைத்தது இன்னொரு ஆய்வு. பெண் தலைவர்கள் வேலையை ஆண்களுக்குக் குறையாமல் செய்த ஊர்களிலும் மக்கள் அவர்களுக்குக் குறைந்த மார்க்தான் போட்டார்கள். ஆனால் இரண்டு முறை பெண் தலைவரைப் பார்த்த ஊரில் அந்த எண்ணம் மாறத் தொடங்கியது, ஒதுக்கீடு இல்லாத இடத்திலும் பெண்கள் நின்று ஜெயிப்பது கூடியது. அந்த ஊர்களில் பெண் பிள்ளைகளின் படிப்பைப் பற்றிப் பெற்றோர் வைத்திருந்த ஆசையும் உயர்ந்தது.

பஞ்சாயத்துல நடந்தது நாடாளுமன்றத்துல நடக்குமா?

நான் கொஞ்சம் தயங்கும் இடம் இது. நம் கிராம ஊராட்சித் தேர்தல் கட்சிச் சின்னத்தில் நடப்பதில்லை. நான் நிற்க யாரிடமும் சீட்டுக் கேட்கவில்லை, ஊரில் நாலு பேர் சொன்னார்கள், நின்றேன். எம்.பி. சீட்டு கட்சித் தலைமை கொடுப்பது. ஜெயித்த பிறகும் 1985இல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டப்படி கொறடா உத்தரவை மீறி ஓட்டுப் போட்டால் பதவி போய்விடும். ஆகவே 181 பெண்கள் உட்கார்ந்தாலும் ஓட்டெடுப்பில் அவரவர் கட்சி சொன்னபடிதான் கை தூக்குவார்கள். மேலே புருஷனைப் பற்றிச் சொன்னேனே, அங்கே அந்த இடத்தில் கட்சித் தலைமை இருக்கும்.

அப்படியென்றால் பிரயோஜனமே இல்லையா? அப்படியும் சொல்ல மாட்டேன். கேள்வி நேரம், நிலைக்குழு, தொகுதி நிதி, அமைச்சர் பதவிக்கு ஆள் எடுக்கும்போது எட்டிப் பார்க்கும் கூட்டம், இதிலெல்லாம் கொறடா இல்லை. 1927இல் சென்னை சட்ட மேலவையில் முத்துலட்சுமி ரெட்டி ஒரே ஒரு பெண்ணாகத்தான் உட்கார்ந்தார், தேவதாசி முறை ஒழிப்பை அங்கே பேச வைத்தவர் அவர்தான்.

எப்படியும் எம்.பி. பொண்டாட்டி, மந்திரி மகள்தானே வரப்போறாங்க? எங்க வீட்டுப் பொண்ணா வரும்?

முதல் சுற்றில் அதிகம் அப்படித்தான் வரும் என்று நானும் நினைக்கிறேன். மக்களவைக்கு டெபாசிட் 25,000 ரூபாய், பட்டியல் சாதி, பழங்குடியினருக்குப் பாதி, பெண் என்பதற்காகச் சலுகை இல்லை. டெபாசிட்டாவது பரவாயில்லை, பெரிய மாநிலங்களில் வேட்பாளர் செலவு உச்சவரம்பே 95 லட்சம். கொலுசுப் பட்டறையில் பற்றவைக்கும் பெண் அந்தத் தொகையை எழுத்தில்கூடப் பார்த்திருக்க மாட்டாள்.

பிற்படுத்தப்பட்ட பெண்களுக்கு உள் ஒதுக்கீடு வேண்டும் என்று 1996இலிருந்து கேட்கிறார்கள், 2023 சட்டத்திலும் அது இல்லை. அது குறைதான். ஆனால் வாரிசுப் பிரச்சினை ஒதுக்கீட்டோடு பிறந்ததா? சேலத்தில் ஆண் வாரிசு நின்றபோது "குடும்ப அரசியல்" என்று திட்டிவிட்டு ஓட்டுப் போட்டவர்கள், மகள் நின்றால் மட்டும் திறமையை எடைபோடத் தராசு எடுக்கிறார்கள்.

தொகுதியை ஒதுக்காம, கட்சிங்களே மூணுல ஒண்ணு பொண்ணுங்களுக்குக் குடுக்கணும்னு சொன்னா போதாதா?

நாம் தமிழர் கட்சி 2021இல் 234இல் 117 பெண்களை நிறுத்தியது, 2019, 2024 மக்களவைத் தேர்தல்களிலும் பாதி. பாராட்டத்தான் வேண்டும், ஆனால் ஒருவரும் ஜெயிக்கவில்லை, அந்தக் கட்சியில் ஆண்களும் ஜெயிக்கவில்லை. ஒடிசாவில் பிஜு ஜனதா தளம் 2019இல் 21க்கு 7 பெண்களை நிறுத்தியதில் 5 பேர் ஜெயித்தார்கள். ஜெயிக்கிற கட்சி, ஜெயிக்கிற இடத்தில் கொடுத்தால் பலன் உண்டு. சட்டம் கட்டாயப்படுத்தினால் தோற்கப்போகும் தொகுதியாகப் பார்த்துப் பெண்களுக்குத் தள்ளிவிடுவார்கள் என்பதுதான் என் பயம். தொகுதியையே ஒதுக்கினால் அந்த வேலை செல்லாது.

பொம்பளைங்களுக்கு ஒதுக்குற தொகுதி சுழற்சியில மாறிடும்னா, அஞ்சு வருஷத்துக்கு யார் உழைப்பாங்க?

மக்களவை, சட்டமன்ற ஒதுக்கீடு ஒவ்வொரு தேர்தலுக்கும் மாறாது, அடுத்தடுத்த மறுவரையறைக்குப் பிறகுதான் சுழலும். அதற்குள் ஒரு பெண் இரண்டு மூன்று தேர்தலைப் பார்த்துவிடலாம். மும்பை மாநகராட்சியில் ஒதுக்கீடு நீங்கிய வார்டுகளை ஆராய்ந்த ரிகில் பவ்னானி, முன்பு ஒதுக்கியிருந்த வார்டில் பெண் ஜெயிக்கும் வாய்ப்பு மற்ற வார்டுகளைவிடச் சுமார் ஐந்து மடங்கு என்று 2009இல் எழுதினார். சட்டத்துக்கு ஆயுள் அமலான நாளிலிருந்து 15 வருடம், வேண்டுமானால் நாடாளுமன்றம் நீட்டிக்கலாம்.

சரிக்கா, நேராக் கேக்குறேன். கோட்டா வந்தா சமத்துவம் வந்துடுமா?

வராது. ருவாண்டா நாடாளுமன்றத்தில் பாதிக்கு மேல் பெண்கள், உலகத்திலேயே முதலிடம், ஆனால் 2000இலிருந்து அதிபர் ஒருவரே. எங்கள் மலையில் பாதி வார்டில் பெண்கள் இருந்த அந்த ஐந்து வருடத்திலும் மிளகு பறிக்கும் பெண்ணுக்குக் கூலி ஆணைவிடக் குறைவாகத்தான் இருந்தது. ஆனால் கூலியைப் பற்றிக் கிராம சபையில் எழுந்து கேட்டது அந்தப் பெண் உறுப்பினர்களில் ஒருத்தி. பதில் கிடைக்கவில்லை. கேள்வி தீர்மானப் புத்தகத்தில் ஏறியிருக்கிறது, நானே பார்த்து எழுதவைத்தேன்.

அடுத்த தேர்தல்ல நான் நிக்கலாமான்னு யோசிக்கிறேன். என்ன வேணும்?

உள்ளாட்சிக்கு 21 வயது நிறைந்திருக்க வேண்டும், எம்.எல்.ஏ., எம்.பி.க்கு 25. அந்த ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் உன் பெயர் இருக்க வேண்டும், கல்யாணம் ஆகி வந்தவர்கள் பாதிப்பேர் பெயரை மாற்றாமலே இருப்பார்கள், அதை முதலில் பார். உன் வார்டு பொதுவா பெண்களுக்கா என்று காத்திருக்காதே, மூன்றாவது கேள்வியை இன்னொரு தடவை படி. வேட்புமனு நிரப்பத் தெரியவில்லை என்றால் குழுக் கூட்டம் நடக்கும் நாளில் வா கண்ணு, வீட்டுக்காரரைக் கூட்டிக்கொண்டு வர வேண்டியதில்லை.